துணுக்காயில் இரண்டு கோடு சிக்னலில் திறக்க வேண்டிய பத்திரிகைத் தளம்

பத்திரிகைக்கு இணையத்தளம் செய்யப் போகிறவர்கள் முதலில் முகப்பைப் பற்றித்தான் கதைப்பார்கள். மேலே ஓடும் எழுத்து, சுழலும் படங்கள், அதற்குக் கீழே பத்துப் பன்னிரண்டு பெட்டிகள். அலுவலகத்துப் பெரிய திரையில் பார்த்தால் எல்லாம் வடிவாகத்தான் இருக்கும். ஆனால் முல்லைத்தீவு மாவட்டத்துத் துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ இருக்கும் வாசகர் முகப்பு வழியாக வருவது குறைவு. வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்ட இணைப்பைத் தட்டுகிறார், நேரே ஒரு செய்தியின் நடுவில் வந்து இறங்குகிறார்.

சனசமூக நிலைய வாசிகசாலையில் ஒரு பத்திரிகையைத் தாள் தாளாகக் கழற்றி நாலு பேர் வாசிப்பார்கள். நடுத்தாள் மட்டும் கிடைத்தவருக்கும் அது எந்தப் பத்திரிகை, எந்த நாளுக்குரியது என்று தெரியும், ஏனென்றால் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் பெயரும் திகதியும் அச்சிட்டிருக்கும். இணையத்தில் ஒவ்வொரு செய்தியும் அப்படிக் கழன்று போன நடுத்தாள்தான். ஆகவே முதலில் வடிவமைக்க வேண்டியது செய்திப் பக்கம். முகப்பைப் பிறகு பார்க்கலாம்.

விலை குறைந்த அண்ட்ரொயிட் போன்களின் திரை அகலம் பெரும்பாலும் 360 பிக்சல். இரண்டு பக்கமும் 16 பிக்சல் ஓரம் விட்டால் எழுத்துக்குக் கிடைப்பது 328. விரலால் தள்ளாமல் தெரியும் முதல் திரைக்குள் பத்திரிகையின் பெயர், தலைப்பு, இடம், திகதியும் நேரமும், செய்தி யாரிடமிருந்து வந்தது, முதற் பந்தியின் தொடக்கம் ஆகிய ஆறும் வந்துவிட வேண்டும். பெயர்ப்பட்டைக்கு 48 பிக்சல் உயரம் போதும். பல தளங்களில் பெயர்ப்பட்டை, அதற்குக் கீழே விளம்பரம், அதற்குக் கீழே "சற்றுமுன்" என்று ஓடும் வரி, பிறகு படம் என்று அடுக்கி, தலைப்பே இரண்டாவது திரைக்குத் தள்ளப்பட்டிருக்கும்.

தலைப்பை எழுதுவதும் வடிவமைப்பு வேலைதான். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. "திறக்கப்படவுள்ளன" என்ற ஒரு சொல்லே 22 பிக்சல் எழுத்தில் ஒரு வரியின் பெரும்பகுதியைத் தின்றுவிடும். மூன்று வரிக்கு மேல் போகாத தலைப்பு என்றால் ஏழெட்டுச் சொல்தான் கிடைக்கும், அதில் "அதிர்ச்சி", "பரபரப்பு", "வெளியான தகவல்" என்பவற்றுக்கு இடமில்லை. "கிளிநொச்சி மக்களுக்கு சற்றுமுன் வந்த அவசர எச்சரிக்கை!" என்ற தலைப்பு எதையும் சொல்லவில்லை. "இரணைமடு வான்கதவுகள் திறப்பு: கண்டாவளையில் தாழ்நிலத்தார் அவதானம்" என்றால், இணைப்பைத் தட்டாதவர்கூட மாட்டை அவிழ்த்து மேட்டுக்குக் கொண்டு போவார்.

திகதி

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கத்துச் செய்தித் தளங்களில் அதிகம் சீர்கெடுவது இதுதான்.

"3 மணித்தியாலங்களுக்கு முன்" என்ற குறிப்பு நவீனமாகத் தெரியும், ஆனால் பத்திரிகைக்கு உதவாது. வாசகர் அந்தத் திரையைப் படம் பிடித்துக் குழுவில் போட்ட கணத்திலேயே அந்த "3 மணித்தியாலம்" பொருளிழந்து போகிறது. சேமித்து வைத்த பக்கத்தைச் சேவையகம் (சேர்வர்) அப்படியே கொடுக்கும்போது "5 நிமிடங்களுக்கு முன்" என்பது அரை நாளுக்கு அங்கேயே நிற்கும். 2018 டிசெம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கின. திகதி தெரியாமல் வெட்டி எடுத்த இப்படியான பழைய செய்தி ஒன்று இன்னொரு மாரியில் புதிதுபோலச் சுற்றினால், அதைப் பார்த்து ஓடுகிறவரைக் குறை சொல்ல முடியாது.

செய்ய வேண்டியது சின்ன வேலை. திகதியைத் தலைப்புக்கு உடனே கீழே, படத்துக்கு மேலே வையுங்கள். படத்துக்குக் கீழே வைத்தால் திரையைப் படம் பிடிக்கும்போது வெட்டுப்பட்டுப் போகும். கிழமை, திகதி, ஆண்டு, நேரம், "இலங்கை நேரம்" என்று முழுதாக எழுதுங்கள். ஆண்டை விடவே கூடாது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட செய்தி என்றால் தலைப்புக்கு மேலே மஞ்சள் பட்டையில் "இச்செய்தி 2018 டிசெம்பரில் வெளியானது" என்று தானாக வரும்படி செய்துவிடலாம். தளத்தின் வார்ப்புருவில் (டெம்ப்ளேட்டில்) நாலைந்து வரி நிரல்தான்.

செய்தியின் உடலிலும் "இன்று", "நாளை" ஆபத்தான சொற்கள். வாசகரில் ஒரு பங்கு கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருக்கிறது. இங்கே செவ்வாய் காலை 8 மணி என்றால், கோடை காலத்து ரொறன்ரோவில் திங்கள் இரவு 10.30. பனிக்காலத்தில் இடைவெளி பத்தரை மணித்தியாலமாகிவிடும், ஏனென்றால் அவர்கள் கடிகாரத்தை மாற்றுகிறார்கள், நாங்கள் மாற்றுவதில்லை. "இன்று மாலை 4 மணிக்கு" என்பதை அவர் எந்த நாளாக எடுப்பது? "செவ்வாய் மாலை 4 மணிக்கு" என்றால் சிக்கல் இல்லை.

பாரம்

முந்நூறு சொல் கொண்ட தமிழ்ச் செய்தி ஏறத்தாழ 9 கிலோபைட். இணையத்தில் வழங்கும் யுனிகோட் என்ற எழுத்துக் குறியீட்டில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் எடுக்கும் என்பதைக் கணக்கில் சேர்த்தே இவ்வளவுதான். சேவையகத்தில் சுருக்கி அனுப்பும் வசதியைத் திறந்துவிட்டால் அதில் மூன்றிலொன்றுக்கும் கீழே போகும். செய்தியாளர் போனில் எடுத்து அப்படியே ஏற்றிய படமோ 4 மெகாபைட். அந்த ஒரு படத்தின் பாரத்தில் நானூறுக்கும் மேற்பட்ட செய்திகளை அனுப்பிவிடலாம்.

நொடிக்கு 1 மெகாபிட் கிடைக்கும் இடத்தில் ஒரு நொடிக்குள் வந்து சேர்வது 125 கிலோபைட். 5 மெகாபைட் பக்கம் திறக்க 40 நொடி. மாங்குளச் சந்தியில் நல்ல சிக்னல் இருக்கலாம், மல்லாவி தாண்டி உள்ளே போனால் ஒரு கோடும் இரண்டு கோடுமாக ஆடும். முதற் திரைக்கு வேண்டிய எல்லாம் சேர்த்து 300 கிலோபைட்டுக்குள் நிறுத்துவது நல்ல இலக்கு. ரீலோட் போட்டு டேட்டா வாங்குகிறவரின் காசையும் அது மிச்சப்படுத்தும்.

படங்களை 360, 720, 1080 பிக்சல் அகலத்தில் மூன்று பிரதியாக, வெப்பி (WebP) என்ற பாரம் குறைந்த பட வடிவில் ஆக்கி, எந்தத் திரைக்கு எது என்று உலாவியே (பிரவுசரே) தெரிவுசெய்ய விடுங்கள். தளம் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸ் பிரதிகளைத் தானாகவே செய்துவைக்கும், ஆனால் பழைய வார்ப்புருக்கள் மூலப்படத்தையே அழைத்துக்கொண்டிருக்கும். கீழேயுள்ள படங்கள் விரல் வரும்போது மட்டும் இறங்கும்படி வைப்பது சரி. தலைப்புக்கு அடுத்த பெரிய படத்துக்கும் அதையே போட்டுவிடுவதுதான் வழக்கமான பிழை. உலாவி முதலில் எடுக்க வேண்டியதைக் கடைசிக்குத் தள்ளிவிடுவீர்கள். பக்கத்தின் பெரிய பொருள் 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல், அது பெரும்பாலும் கெடுவது இந்த இடத்தில்தான்.

கூகுளின் இன்னொரு அளவுகோல் பக்கம் குதிப்பதைப் பற்றியது. அந்தப் புள்ளி 0.1ஐத் தாண்டக் கூடாது. வாசித்துக்கொண்டிருக்கும்போது மேலே விளம்பரம் தாமதமாக வந்து இறங்கினால் வரி கீழே ஓடும், "அடுத்த பக்கம்" என்று தட்டப் போன விரல் விளம்பரத்தில் விழும். சிலர் அதை வருமானம் என்று நினைத்துக் கண்டும் காணாமல் விடுகிறார்கள். 300க்கு 250 விளம்பரம் வரப்போகிறது என்றால் அந்த 250 பிக்சல் உயரத்தை முன்கூட்டியே ஒதுக்கிவிடுங்கள். விளம்பரம் வராவிட்டால் வெற்றிடம் இருந்துவிட்டுப் போகட்டும். படங்களுக்கும் அகலம், உயரம் இரண்டையும் எழுதிவிட்டால் இதே நோய் தீரும்.

எழுத்துரு வேறு. அண்ட்ரொயிட்டில் நோட்டோ தமிழ் உண்டு, ஐபோனில் தமிழ் சங்கம் உண்டு, விண்டோஸில் 8ஆம் பதிப்பிலிருந்து நிர்மலா உண்டு. நாளாந்தச் செய்திக்கு இவை தாராளம். அழகுக்காக வேறு எழுத்துருவை இறக்கத்தான் வேண்டும் என்றால் தலைப்புக்கு ஒரு தடிப்பு மட்டும் இறக்குங்கள்.

எழுத்து

உடலெழுத்து 18 பிக்சலுக்குக் குறையக் கூடாது. வரி உயரம் 1.6 அல்லது 1.7 மடங்கு. ஆங்கிலத் தள வார்ப்புருக்களில் 1.4 என்றிருக்கும். அதை அப்படியே விட்டால் மேல்வரியின் "கூ", "டு" கீழே இறங்கி, கீழ்வரியின் "கி", "லீ" விசிறியில் போய் முட்டும். பத்திரிகைப் பத்திபோல இரண்டு ஓரமும் நேராக நிற்க வேண்டும் என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். ஒரு வரிக்கு மூன்று சொல்லோ நாலு சொல்லோ வரும் திரையில் அப்படி இழுத்தால் சொற்களுக்கிடையில் வண்டில் போகலாம். இடப்பக்கம் மட்டும் நேராக்குங்கள். சாய்வெழுத்து தமிழுக்கு வேண்டாம், உலாவி எழுத்தைத் தள்ளிச் சரித்துக் காட்டும், அவ்வளவுதான். தடித்த வடிவம் இல்லாத எழுத்துருவைத் தடிப்பாக்கச் சொன்னாலும் உலாவி பொய்த்தடிப்புப் போட்டு "ண", "ற" ஆகியவற்றின் சுழிகளை அடைத்துவிடும்.

சாம்பல் நிற எழுத்து இன்னொரு நாகரிகம். வெள்ளையில் #999999 என்ற சாம்பலின் வேறுபாட்டு விகிதம் 2.85 தான். பார்வை குறைந்தவரும் வாசிக்க வகுத்த அணுகல்தன்மை நியமம் கேட்பது 4.5. #767676 அளவுக்கு இருண்டால்தான் அதை எட்டும். வெயிலில் வயல் வரம்பில் நின்று வாசிக்கிறவருக்கு அதுவும் போதாது, கறுப்புக்குக் கிட்ட வையுங்கள்.

இனி உள்ளே. அச்சுப் பக்கத்தில் பாமினி எழுத்துரு இன்னும் உயிரோடிருக்கிறது. பாமினியில் "அம்மா" என்று தெரிவது உண்மையில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கில விசைகள். அதில் கோத்த பக்கத்தைப் பீடிஎஃப் ஆக்கி "மின்னிதழ்" என்று ஏற்றினால், அதற்குள் தமிழ் எழுத்தே இல்லை. தேட முடியாது, பிரதி எடுத்தால் குப்பை வரும், பார்வையற்றவரின் திரைவாசிப்பானுக்கும் ஆங்கிலக் கூளம்தான் கேட்கும். யுனிகோடுக்கு மாற்றித்தான் ஏற்ற வேண்டும். மாற்றும்போது, ஆங்கிலத்தில் தட்டியிருந்த "ஏ9" போன்றவையும் பொருளில்லாத தமிழெழுத்தாக மாறி வரும். மாற்றி முடித்ததும் வீதிப் பெயர், சட்ட இலக்கம், மின்னஞ்சல் மூன்றையும் கண்ணால் சரிபார்க்காமல் வெளியிடக் கூடாது.

"கிளிநொச்சி" என்ற சொல்லையே எடுங்கள். கண்ணுக்கு ஐந்து எழுத்து, யுனிகோடில் 10 குறி, ஏனென்றால் விசிறி, கொம்பு, புள்ளி எல்லாம் அங்கே தனிக் குறி. இதில் "நொ"வின் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் கொம்பும் காலும் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடே தெரியாது. சில மாற்றிகளும் விசைப்பலகைகளும் இரண்டாகப் போட்டுவிடும், அப்போது 11 குறி. தளத்தின் தேடற்பெட்டி இரண்டும் ஒன்றென்று அறியாவிட்டால், மாவட்டத்தின் பெயரைத் தேடியும் பாதிச் செய்திதான் வரும். சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சி என்ற யுனிகோட் சீராக்கத்துக்கூடாக அனுப்பினால் தீர்ந்தது.

அதே பெயர் இணைப்பு முகவரியில் போனால் இன்னொரு கூத்து. முகவரியில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது ஆங்கில எழுத்தாக விரியும், ஆக "கிளிநொச்சி" மட்டும் 90 எழுத்து. வேர்ட்பிரஸ் முகவரித் துண்டுக்கு ஒதுக்குவது 200. அதாவது 22 தமிழ்க் குறிக்கு மேல் வெட்டுப்படும். "கிளிநொச்சி மாவட்ட" என்பதைத் தாண்டி அடுத்த சொல்லின் நடுவிலேயே இடம் முடிந்துவிடும், அதே தொடக்கமுள்ள அடுத்த செய்திக்குப் பின்னால் 2, 3 என்று வாலும் முளைக்கும். வாட்ஸ்அப்பில் ஒட்டினால் விழுக்காட்டுக் குறி அரைப் பக்கம் நிற்கும். ஆண்டு, மாதம், செய்தி இலக்கம் இருந்தால் முகவரிக்குப் போதும். ஒருமுறை வெளியான முகவரியைப் பிறகு தலைப்புத் திருத்தினாலும் மாற்றாதீர்கள்.

சுருக்கத்தை வெட்டும் இடத்திலும் தமிழ் மாட்டிக்கொள்ளும். பைட்டை எண்ணி வெட்டினால் கடைசியில் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி வரும். குறியை எண்ணி வெட்டினால் "கிளிநொச்சி" ஐந்தாம் குறியில் "கிளிந" ஆகும். சொல் எல்லையில் வெட்டுவதுதான் மரியாதை. செய்திகளைச் சேமிக்கும் தரவுத்தளம் மைஎஸ்கியூஎல் மென்பொருளின் பழைய "யூடிஎஃப்8" வகையாக இருந்தால் அதில் ஒரு குறிக்கு 3 பைட்தான் அடங்கும். தமிழ் அடங்கிவிடுவதால் யாரும் கவனிக்க மாட்டார்கள். அறிக்கையொன்றில் யாரோ ஒரு 4 பைட் உணர்ச்சிப் படம் வைத்துவிட்டால், அதற்குப் பிறகுள்ள பந்தியெல்லாம் காணாமற் போகலாம், அல்லது சேமிக்கவே மறுக்கும். நான்கு பைட் வகைக்கு ஆரம்பத்திலேயே மாற்றிவிடுங்கள்.

வன்னி என்று எதைச் சொல்கிறீர்கள்?

பகுப்புகள் போடும்போது "வன்னி" என்று ஒரு பொத்தான் வைப்பது சுலபம். வன்னித் தேர்தல் மாவட்டம் என்பது மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்தது. கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குள் போகிறது. ஆனால் கிளிநொச்சியை வன்னி இல்லை என்று அங்குள்ளவரிடம் சொல்லிப் பாருங்கள். தேர்தல் முடிவுப் பக்கமும் ஊர்ச் செய்திப் பக்கமும் ஒரே பகுப்பைப் பகிர்ந்தால் வாக்கெண்ணும் இரவில் குழப்பம் கட்டாயம் வரும். நிர்வாக மாவட்டம், அதற்குள் பிரதேச செயலர் பிரிவு, தேர்தலுக்குத் தனிப் பகுப்பு என்று வையுங்கள். கரைச்சி, கண்டாவளை, பூநகரி, பச்சிலைப்பள்ளி என்று பிரிவுப் பெயரைத் தட்டினால் அந்த ஊர்ச் செய்தி வர வேண்டும்.

ஊர்ப்பெயரில் எழுத்து வேறுபாடும் இருக்கிறது. முறிகண்டியை முருகண்டி என்றும், ஒட்டுசுட்டானை ஒட்டிசுட்டான் என்றும் எழுதுவார்கள். செய்தியாளர் தன் கையால் குறிச்சொல் தட்ட விட்டால் ஒரு ஊருக்கு மூன்று பக்கம் முளைக்கும். பட்டியலிலிருந்து தெரிவு செய்ய மட்டும் விடுங்கள், மற்ற எழுத்து வடிவங்களைத் தேடலுக்கு மாற்றுப் பெயராகப் பதியுங்கள்.

மரண அறிவித்தலை ஏனோ வடிவமைப்பாளர்கள் விளம்பரத்தோடு சேர்த்துவிடுகிறார்கள். எங்கள் சனம் தளத்தைத் திறப்பதற்கு அது முக்கியமான காரணம். பொதுவான முறை, அறிவித்தலை ஒரு படமாக ஏற்றுவது. படத்துக்குள் இருக்கும் பெயரைத் தேட முடியாது, சின்னத் திரையில் பெருப்பித்துப் பெருப்பித்துத்தான் வாசிக்க வேண்டும். பெயர், பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், மறைந்த திகதி, இறுதிக்கிரியை நடக்கும் இடமும் நேரமும், தகவல் தருபவர் என்று தனித்தனிக் கட்டங்களாக எழுத்தில் வாங்குங்கள். படம் ஒன்று போதும். பிறந்தது புதுக்குடியிருப்பு, மறைந்தது பாரிஸ் என்றால் கிரியை நேரம் எந்த நாட்டு நேரம் என்று பக்கத்திலேயே எழுதப்பட வேண்டும். 31ஆம் நாள் அறிவித்தலும் ஆண்டுத் திவச அறிவித்தலும் பழைய பக்கத்தோடு இணைய வேண்டும். இந்தப் பக்கத்தில் மேலெழும் விளம்பரம், தானாகப் பாடும் காணொளி இரண்டும் அறவே கூடாது. தொலைபேசி எண்ணைக் கிரியை முடிந்து சில வாரத்தில் தானாக மறைத்துவிடுவது நல்லது.

குளம் வான் பாயும் நாள்

மழை நாளில் ஒரே விடயத்துக்குப் பதினைந்து தனிச் செய்தி போடுவது வழக்கம். வாசகர் கையில் எது கடைசியென்று தெரியாது. ஒரே முகவரியில் ஒரு பக்கம் வைத்து, புதியது மேலே வர, ஒவ்வொரு பதிவுக்கும் நேரமிட்டு எழுதுங்கள். பக்கத்தின் உச்சியில் நகராத ஒரு பெட்டி வேண்டும். எந்தக் குளம் வான் பாய்கிறது, எந்த வீதி மூடியிருக்கிறது, எந்தப் பாடசாலையில் தங்க வைத்திருக்கிறார்கள், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, அம்புலன்ஸ் 1990. பழைய பதிவு பிழையென்று தெரிந்தால் அழிக்காமல் கோடிட்டு, திருத்தத்தை நேரத்தோடு கீழே போட வேண்டும். அழித்தால் திரையைப் படம் பிடித்து வைத்திருப்பவரின் பிரதிதான் உண்மையாக உலாவும்.

அன்றைக்குத்தான் சேவையகமும் படுக்கும். காரணம் பெரும்பாலும் "இதுவரை வாசித்தோர்" என்ற எண்ணி. ஒவ்வொருவர் திறக்கும்போதும் அது தரவுத்தளத்தில் ஒருமுறை எழுதும், சேமித்த பிரதியைக் கொடுக்க விடாது. எண்ணியைக் கழற்றுங்கள். முகப்பை 60 நொடிக்கு ஒருமுறை மட்டும் புதிதாக்கி, மற்ற நேரம் சேமித்த பிரதியைக் கொடுக்க விட்டால், சின்னச் சேவையகமும் தாங்கும்.

தளம் முடிந்தது என்று சொல்லும் முன் அலுவலக வைஃபையை அணைத்துவிட்டு, இரண்டு வருடப் பழைய மலிவுப் போன் ஒன்றை எடுங்கள். வாட்ஸ்அப்பில் இணைப்பை அனுப்பி, முன்னோட்டத்தில் செய்தியின் படம் வருகிறதா, பத்திரிகையின் சின்னம்தான் வருகிறதா என்று பாருங்கள். முன்னோட்டப் படத்துக்கு 1200க்கு 630 அளவு பொருத்தம். சிக்னல் கெட்ட இடத்தில் திறந்து, தலைப்பு எத்தனையாவது நொடியில் வருகிறது என்று எண்ணுங்கள். படங்களை அணைத்து வாசியுங்கள். முதற் திரையைப் படம் பிடித்து, அதில் ஆண்டு தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு தேடற்பெட்டியில் "கிளிநொச்சி" என்று இரண்டு விதமாகவும் தட்டி, போன வருட மரண அறிவித்தல் ஒன்றை ஊர்ப்பெயரை மட்டும் வைத்துக் கண்டுபிடியுங்கள்.